காலை எடுத்தாலே பிரேக்

எலக்ட்ரிக் காருக்கு மாறியதிலிருந்து என் வலது கால் புதுப் பழக்கம் கற்றுக்கொண்டிருக்கிறது. தூரத்தில் சிக்னல் சிவப்பானதும் ஆக்சிலரேட்டரை மெல்லத் தளர்த்துவேன். யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல வண்டி தானாக வேகம் குறையும்.

அதுவரை சக்கரத்தைச் சுழற்றிய மோட்டாரை இப்போது சக்கரம் சுழற்றுகிறது. மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தை பேட்டரிக்கு அனுப்புகிறது. அந்த இழுவைதான் பிரேக்! 60 கி.மீ. வேகத்தில் போகும் 1,500 கிலோ காரிடம் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 58 வாட்-அவர். சாதாரண பிரேக்கில் அத்தனையும் வெறும் சூடாகிவிடும். இங்கே நல்ல பங்கு திரும்பி வருகிறது. முழுசாக வராது, வழியில் கொஞ்சம் இழப்பு உண்டு.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். 100% சார்ஜ் ஏற்றிக் கிளம்பினால் பேட்டரியில் இடமே இருக்காது. அப்படி ஒரு நாள் இறக்கத்தில் காலை எடுத்தேன், வண்டி பாட்டுக்கு உருண்டுகொண்டே போனது. சட்டென்று பிரேக்கை மிதித்தேன். பல கார்களில் கடுங்குளிரிலும் இப்படித்தான், பேட்டரி சூடாகும்வரை இழுவை குறைவு.

அப்புறம், சாதாரண பிரேக்கின் இரும்புத் தட்டான டிஸ்க்குக்கு வேலை குறைவதால் அது துருப்பிடிக்கும். பின்னால் வண்டி இல்லாதபோது அவ்வப்போது பிரேக்கை அழுத்தமாக மிதித்துவிடுங்கள்.