ஜூலை வெயிலும் டிரையரும்

கதவிடுக்கில் ஒரு தாள் செருகியிருந்தது. பால்கனியில் துணி காயப்போடுவது கட்டட விதிக்கு எதிரானதாம், உடனே எடுக்க வேண்டுமாம். அங்கே தொங்கியது, மதுரையிலிருந்து வந்திருந்த அப்பாவின் வேட்டியும் துண்டும்தான். "துணி காயுறதுல என்னப்பா குத்தம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இத்தனைக்கும் டொராண்டோவில் ஜூலையில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம். துணிக்கொடி கட்டத் தடைபோடும் ஒப்பந்தங்கள் செல்லாது என்று எங்கள் ஒன்டாரியோ மாகாண அரசு 2008இலேயே சொல்லிவிட்டது. ஆனால் அது தனி வீடுகளுக்கும் வரிசை வீடுகளுக்கும்தான். எங்களைப் போன்ற அடுக்குமாடிக்காரர்கள் வெயிலைப் பார்த்துக்கொண்டே மின்சாரத்தைச் செலவழிக்க வேண்டும். இந்த ஆதங்கம் எனக்கு ஆறவே இல்லை.

சரி, துணி உலர்த்தும் டிரையர் மெஷின்தான் கதி என்றால் அதை ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டும். அறையில் இருக்கும் காற்றை உள்ளே இழுத்துச் சூடாக்கி, சுழலும் துணிகளுக்கு நடுவே அனுப்பி, ஈரத்தோடு குழாய் வழியாக வெளியே தள்ளுகிறது. காற்றின் வழி அடைபட்டால் எவ்வளவு சூடு இருந்தும் துணி காயாது. அடைப்பது நம் துணியிலிருந்தே உதிரும் பஞ்சு. அது சட்டென்று தீப்பிடிக்கும். அமெரிக்காவில் டிரையர் தீ விபத்துகளுக்கு முதல் காரணமே சுத்தம் செய்யாமல் விடுவதுதான்.

அதனால் ஒவ்வொரு முறையும் பஞ்சு வலையைத் துடைத்துவிடுகிறேன். துணி மணக்க டிரையருக்குள் வாசனை ஷீட் போடுகிறவர்கள் வலையைக் குழாயடியில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இறங்காமல் தேங்கினால் அந்த ஷீட்டின் படலம் படிந்துவிட்டது, சோப்பு போட்டுத் தேய்க்க வேண்டும். டிரையருக்குள் துணியின் ஈரத்தை உணரும் உலோகப் பட்டைகளிலும் அதே படலம் படியும். பல அடுக்குமாடி வீடுகளில் மேலே சுவரிலோ கூரையிலோ இரண்டாவது வலை ஒன்றும் உண்டு. புதிதாகக் குடிவருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது அதைத்தான். பின்பக்கக் குழாய் சுவரோடு நசுங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், வாஷிங் மெஷினிலேயே வேகமாகச் சுழற்றிப் பிழிந்துவிட்டால் பாதிக் கவலை விட்டது. ஜீன்ஸையும் மெல்லிய சட்டையையும் ஒன்றாகப் போடாதீர்கள். நேரத்துக்கு ஏற்ற கட்டணம் கட்டுகிறவர்களுக்கு மாலை ஏழுக்கு மேலும் வார இறுதியிலும் மின்சாரம் மலிவு.

இந்த வாழ்க்கை எனக்குப் பழகிவிட்டது. ஆனால் டிரையரைத் திறந்து சூடான துணியை அள்ளும்போதெல்லாம் மொட்டை மாடிதான் நினைவுக்கு வருகிறது. தூறல் விழுந்ததும் அம்மா போடும் சத்தம், ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுத் துணியையும் சேர்த்து வாரிக்கொண்டு வருவது, வெயிலில் விறைத்த கஞ்சி போட்ட வேட்டி. அந்த மொடமொடப்பை எந்த இயந்திரமும் தராது.

வேட்டியையும் பருத்திச் சேலையையும் நான் டிரையரில் போடுவதில்லை, சுருங்கிவிடும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் காற்று அவ்வளவு வறட்சி. ஸ்டாண்டில் விரித்தால் விடிவதற்குள் காய்ந்துவிடும், அறைக்கும் கொஞ்சம் ஈரப்பதம் கிடைக்கும்.

கோடைக்குத்தான் வழி வேண்டும். கைப்பிடிச் சுவருக்குக் கீழே, வெளியே தெரியாத உயரத்தில் ஒரு ஸ்டாண்டு வைக்கவாவது அனுமதியுங்கள் என்று குடியிருப்பின் வருடாந்திரக் கூட்டத்தில் கேட்கப்போகிறேன். மாடியில் இருக்கும் பஞ்சாபிக் குடும்பமும் கீழே இருக்கும் போர்த்துகீசியப் பாட்டியும் கையெழுத்துப் போடத் தயார்.