பென்சிலில் எழுதிய தேதிகள்

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் 2021-ஆம் வருடத்து மாதக் காலண்டர் இன்னும் தொங்குகிறது. மும்பை மாட்டுங்காவில் மளிகை வாங்கும் கடையில் கொடுத்தது. ஏப்ரல் 9-க்குக் கீழே அம்மாவின் கையெழுத்தில் பேனாவால் 'ஊசி' என்று எழுதி அடித்திருக்கும். ஏப்ரல் 30-லும் மே 14-லும் அதே 'ஊசி', ஆனால் பென்சிலில், அழித்த தடத்தோடு. முதல் தேதி மாறியதுமே அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

நாங்கள் இருப்பது சயானில். அம்மாவுக்கு அப்போது 68 வயது, சர்க்கரையும் உண்டு. 60 வயதைக் கடந்தவர்களுக்கு மார்ச் 1-ஆம் தேதி கொரோனா தடுப்பூசி தொடங்கியது. மார்ச் 12 அன்று மாநகராட்சி மையத்தில் அம்மாவுக்குக் கோவிஷீல்டு முதல் ஊசி போட்டார்கள். அரை மணி நேரம் உட்கார வைத்து, 28 நாள் கழித்து வரச் சொன்னார்கள். காலண்டரில் ஏப்ரல் 9 வந்தது இப்படித்தான்.

பத்தே நாளில், மார்ச் 22 அன்று, இடைவெளியை 6 முதல் 8 வாரமாக்கினார்கள். சரி என்று ஏழாவது வாரத்து வெள்ளிக்கிழமை, ஏப்ரல் 30-ஐக் குறித்தோம். அதற்குள் இரண்டாம் அலை நகரத்தைப் புரட்டிப் போட்டுவிட்டது. எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளத்து அண்ணாச்சிக்கு 52 வயது. 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஏப்ரல் 1-ல் ஊசி திறந்தபோது, கூட்டம் குறையட்டும் என்று தள்ளிப் போட்டார். இருபதாம் தேதி வாக்கில் ஆம்புலன்ஸ் வந்தது. அவர் திரும்பி வரவில்லை. அந்த வாரம் படியிறங்கும்போது யாரும் யாரோடும் பேசவில்லை.

ஏப்ரல் 30 அன்று மருந்து இல்லையென்று மும்பை முழுக்க மூன்று நாள் ஊசி மையங்களை மூடிவிட்டார்கள். திறந்த பிறகு இரண்டு தடவை அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். இரண்டு தடவையும் டோக்கன் முடிந்திருந்தது. மே 14 அன்று விடியற்காலையிலேயே போய் நிற்பதாக ஏற்பாடு. முந்தைய நாள் செய்தி: இனிமேல் இடைவெளி 12 முதல் 16 வாரம்.

அம்மா காலண்டரைப் பார்த்துச் சொன்னார்: "ஏல, இது என்ன கல்யாண முகூர்த்தமா, ஆளுக்கொரு நாள் குறிக்கதுக்கு?"

எனக்கும் கோபம்தான். தட்டுப்பாட்டை மறைக்கத்தான் நாளைத் தள்ளுகிறார்கள் என்று எல்லாரையும் போல நானும் பேசினேன். அப்புறம் தேடிப் படித்தபோது, அந்த மருந்தின் வெளிநாட்டுச் சோதனைகளிலேயே இது தெரிந்திருக்கிறது. இரண்டு ஊசிக்கு இடையில் 6 வாரத்துக்கும் குறைவாக இருந்தால் பலன் சுமார் 55 சதவீதம், 12 வாரத்துக்கு மேல் போனால் சுமார் 81. அதாவது தள்ளிப் போட்டதால் பலன் கூடத்தான் செய்தது. தட்டுப்பாடும் பொய்யில்லை, அறிவியலும் பொய்யில்லை. ஆனால் அண்ணாச்சி வீட்டைத் தாண்டித்தான் தினமும் படியிறங்க வேண்டியிருந்தது. பொறுமையாக இருக்கச் சொல்லி அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது? கடைசியில் ஜூன் 7, திங்கட்கிழமை, இரண்டாவது ஊசி போட்டாயிற்று.

இதற்கிடையில் உலக சுகாதார நிறுவனம் உருமாறிய கிருமிகளுக்குக் கிரேக்க எழுத்துகளில் பெயர் வைத்தது. இங்கே பரவியதற்கு டெல்டா. "டெல்டான்னா தஞ்சாவூர்ப் பக்கம்லா?" என்று அம்மா கேட்டார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

என் கதை வேறு. 45 வயதுக்கான வரிசையில் நிற்க 2022 ஜனவரி 1-க்குள் 45 நிறைந்திருக்க வேண்டும். நான் பிறந்தது 1977 பிப்ரவரி. ஐந்து வாரத்தில் போயிற்று. மே மாதம் முழுக்கக் கைபேசியில், ஊசிக்குப் பதிவு செய்யும் கோவின் தளத்தில், பின்கோடு தட்டிக்கொண்டு இருந்தேன். பச்சையில் ஒரு எண் தெரியும், விரல் போவதற்குள் சிவப்பாகிவிடும். ஜூனில் தனியார் மருத்துவமனைகளில் கோவிஷீல்டுக்கு 780 ரூபாய் என்று விலை வரம்பு வைத்தார்கள். ஜூன் 19 அன்று நானும் மனைவியும் காசு கொடுத்தே போட்டுக்கொண்டோம். அடுத்தது 84 நாள் கழித்து, செப்டம்பர் 11.

ஆகஸ்ட் 15 முதல், இரண்டு ஊசியும் போட்டு 14 நாள் ஆனவர்கள் லோக்கல் ரயிலில் போகலாம் என்று அறிவித்தார்கள். என் ஆபீஸ் கோட்டைப் பகுதியில். அதுவரை பெஸ்ட் என்கிற நகரப் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தொங்கிக்கொண்டு போய் வந்தேன். வீட்டைவிட்டு எங்கும் போகாத அம்மாவுக்கு ரயில் ஏறத் தகுதி வந்துவிட்டது. தினமும் வி.டி. ஸ்டேஷனுக்குப் போக வேண்டிய எனக்கு (புதுப் பெயர் இன்னும் வாயில் வருவதில்லை) செப்டம்பர் 25 வரை கிடையாது.

அந்த நாளும் வந்தது, சீசன் டிக்கெட் வாங்கப் போனேன். சான்றிதழைச் சரிபார்த்தவர் ஆதாரையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். ஆதாரில் என் பெயர் இனிஷியலோடு இருக்கிறது. நான் பதிவு செய்யும்போது, இந்த ஊர் வழக்கத்துக்காக அப்பா பெயரை முழுசாக எழுதிக் குடும்பப் பெயர் போல ஆக்கியிருந்தேன். "இவர் யார்?" என்று மராத்தியில் கேட்டார். என் அப்பா என்றேன். "அவர் ஊசி போட்டுக்கொண்டாரா?" அப்பா இறந்து பதினோரு வருடம். அதை விளக்க என் மராத்தி போதவில்லை.

தப்பு என்னுடையதுதான். தளத்திலேயே திருத்தம் கேட்கலாம், ஆனால் ஒரே ஒரு தடவைதான். அதனால் ஆதாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புள்ளி எங்கே, இடைவெளி எங்கே என்று மூன்று பேராகப் படித்துப் பார்த்து அனுப்பினோம். திருத்திய சான்றிதழ் வந்ததும் பாஸ் கிடைத்தது. முதல் நாள் சயானில் ரயில் ஏறியதும் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இருபது வருடத்தில் அப்படி நடந்ததே இல்லை.

நவம்பர் வரை நிம்மதி. டிசம்பர் 2 அன்று ஒமிக்ரான் இந்தியாவுக்குள் வந்துவிட்டதாகச் செய்தி, முதல் இரண்டு பேரும் கர்நாடகத்தில். கிருமியின் மேலே முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்தில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள். எங்கள் ஊசி 2020-ல் இருந்த பழைய கிருமியின் முள்ளை உடம்புக்குக் காட்டிப் பழக்கியது. ஆதார் படத்தை வைத்துக்கொண்டு ஆளைத் தேடுவது மாதிரிதான். வாசலில் தடுக்க முடியாமல் போகலாம், உள்ளே வந்து கொஞ்ச நேரத்தில் அடையாளம் தெரிந்துவிடும். ஊசி போட்டும் ஏன் வருகிறது என்று கேட்டவர்களுக்கு நான் இதைத்தான் சொன்னேன்.

சொல்லி வாய் மூடவில்லை, எனக்கே வந்தது. 2022 ஜனவரி 6 அன்று தொண்டையில் கண்ணாடித் தூள் மாதிரி வலி. வீட்டிலேயே சோதிக்கும் கிட் 250 ரூபாய், இரண்டு கோடு. மறுநாள் மும்பையில் மட்டும் 20,971 பேருக்கு உறுதியானது. வீட்டுத் தனிமையை 7 நாளாகக் குறைத்து அந்த வாரம்தான் விதி மாற்றியிருந்தார்கள், கடைசி மூன்று நாள் காய்ச்சல் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

எங்களுடையது ரூம்-கிச்சன் வீடு. தனிமை என்றால் என்ன? நான் ரூமில், அம்மாவும் மனைவியும் சமையலறையில், நடுவில் ஒரு வேட்டி. கழிப்பறைக்குப் போகும்போதெல்லாம் நான் ஒரு குரல் கொடுக்க, அவர்கள் இருவரும் அடுப்பு மேடைப் பக்கம் திரும்பி நிற்பார்கள். மூன்றாம் நாள் வேட்டிக்கு அந்தப் பக்கம் அம்மா தும்மினார். நான் வேட்டியைக் கழற்றிவிட்டேன். அம்மாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல், உடம்பு வலி, அவ்வளவுதான். சர்க்கரை கொஞ்சம் ஏறி இறங்கியது. முந்தைய ஏப்ரலில் இதே வீட்டில் இது நடந்திருந்தால் என்று நான் யோசிப்பதில்லை. யோசிக்காமல் இருக்க முயல்கிறேன் என்பதே சரி.

ஜனவரி 10 முதல் மூத்தவர்களுக்கு மூன்றாவது ஊசி, இரண்டாவது போட்டு 39 வாரம் ஆகியிருக்க வேண்டும். அம்மாவுக்கு அது மார்ச் 7. புதுக் காலண்டரில் எழுதினார். அந்த மாதமே இன்னொரு விதி வந்தது: தொற்று வந்தவர்கள் குணமாகி மூன்று மாதம் பொறுக்க வேண்டும். அம்மா ரப்பரைத் தேடினார். ஏப்ரல் 18-ல் போட்டுக்கொண்டார். அதற்குள் மராத்தி வருடப் பிறப்பான குடி பட்வா அன்று மாஸ்க் கட்டாயத்தையே எடுத்துவிட்டிருந்தார்கள். அவர் எடுக்கவில்லை.

என் மூன்றாவது ஊசி அந்த ஆகஸ்டில். ஜூலை 15 முதல் பெரியவர்கள் எல்லாருக்கும் 75 நாள் இலவசம். மையத்தில் என்னைத் தவிர மூன்று பேர்தான். ஒரு குப்பியில் பத்துப் பேருக்கான மருந்து, திறந்தால் சில மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆள் சேரட்டும் என்று எங்களை உட்கார வைத்தார்கள். ஊசி போடும் பெண் வாசலுக்குப் போய்ப் போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். போன வருடம் இதே வாசலில் டோக்கனுக்காக நின்றது நினைவு வந்தது.

அதற்கப்புறம் எங்கள் கணக்கில் ஊசி இல்லை. 2023-ல் மூக்கில் விடும் மருந்து வந்தது, மூன்றாவது ஊசி போட்டவர்களுக்கு அது இல்லை என்றார்கள். புனேயில் ஒமிக்ரானுக்கென்றே ஒன்று தயாரித்தார்கள், நான் விசாரித்த இரண்டு இடத்திலும் கிடைக்கவில்லை. அம்மாவின் மருத்துவர் வருடா வருடம் ஃப்ளூ ஊசி போடச் சொன்னார், அதைப் போடுகிறோம்.

2025 மே மாதம் மறுபடியும் செய்தி, என்பி.1.8.1, எல்எஃப்.7 என்று வாயில் நுழையாத பெயர்கள். அதே வாரம் அம்மாவுக்கு இருமலும் காய்ச்சலும். அலமாரியில் இருந்த கிட் காலாவதியாகி இரண்டு வருடம். மருந்துக்கடைக்காரர் "இதையெல்லாம் இப்ப யார் கேக்கறாங்க" என்று சொல்லி மறுநாள் வரவழைத்துத் தந்தார். இரண்டாவது கோடு மங்கலாக விழுந்தது. மருத்துவர் போனிலேயே மருந்து சொல்லி, ஆக்சிஜன் 94-க்குக் கீழே போனால் மட்டும் உடனே கூப்பிடச் சொன்னார்.

விரலில் மாட்டும் கருவியைத் தேடி எடுத்தால் உயிரே இல்லை. அதன் பேட்டரிகளை எப்போதோ டிவி ரிமோட்டுக்கு மாற்றியிருக்கிறேன். கழற்றிப் போட்டேன், 97 காட்டியது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டுமென்று பேட்டரிகளை அதிலேயே விட்டுவைத்தேன். சாயங்காலம் சீரியல் போட முடியவில்லை என்று அம்மாவுக்கு ஒரே எரிச்சல்.