மூன்று நாட்டு இறைச்சி உருண்டைகள்: செய்முறைத் தேர்வுக்குத் தயாராவது எப்படி

ஜெர்மனியில் சமையல் கலைஞருக்கான மூன்றாண்டுத் தொழிற்பயிற்சியில் சேர்ந்திருக்கும் நம் மாணவர்கள் அடிக்கடி கேட்பது, கொத்துக்கறிப் பாடத்தின் செய்முறைத் தேர்வுக்கு எந்தெந்தக் குறிப்புகளை மனப்பாடம் செய்ய வேண்டும் என்பதைத்தான். உணவகத்தில் வேலை, தொழிற்பள்ளியில் வகுப்பு, இரண்டுக்கும் நடுவே ஜெர்மன் மொழி என்று ஓடும் வாழ்க்கையில் அந்தக் கேள்வி எழுவது இயல்பு. எங்கள் தேர்வில் ஸ்வீடன், ஜெர்மனி, ஸ்பெயின் ஆகிய மூன்று நாட்டுப் பாணிகளில் இறைச்சி உருண்டை செய்து, மூன்றையும் ஒரே நேரத்தில் சூடாகப் பரிமாறச் சொன்னார்கள். குறிப்புகளை வரிவரியாக ஒப்பித்து வந்தவர்கள் அங்கே தடுமாறியதையும், ஒவ்வொரு பாணியிலும் இறைச்சியைப் பிணைப்பது எது, அதை வேகவைப்பது எது என்று புரிந்துகொண்டு வந்தவர்கள் பதறாமல் முடித்ததையும் பார்த்த பிறகு, இந்தப் பாடத்தை அந்த இரண்டு கேள்விகளிலிருந்துதான் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மசாலா வேறுபாடு பிறகுதான் வரும்.

முதலில் பிணைப்பு. நம் கோலா உருண்டையில் பொட்டுக்கடலை மாவு செய்கிற வேலையை ஐரோப்பாவில் பாலில் ஊறிய ரொட்டி செய்கிறது. இறைச்சி வேகும்போது அதன் புரதம் இறுகிச் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளும். ஊறிய ரொட்டியின் மாவுச்சத்து இடையில் புகுந்து அந்த இறுக்கத்தைத் தடுப்பதோடு, வெளியேறும் சாற்றையும் பிடித்துவைத்துக்கொள்ளும். 500 கிராம் இறைச்சிக்கு 30 முதல் 40 கிராம் ரொட்டித்தூளும் 100 முதல் 150 மில்லி பாலும் போதும். தூளை உலர்ந்தபடியே இறைச்சியில் கொட்டினால் அது பாலுக்குப் பதிலாக இறைச்சியின் சாற்றையே உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், பத்து நிமிடமாவது தனியே ஊறிக் களிபோல் ஆன பிறகே சேர்க்க வேண்டும். உப்பைப் பொறுத்தவரை, அது இறைச்சிப் புரதத்தைக் கரைத்துப் பசையாக்குகிறது. ஆகவே உப்புச் சேர்த்த பின் எவ்வளவு அதிகமாகப் பிசைகிறோமோ அவ்வளவுக்கு உருண்டை சாசேஜ் போல விறைத்துத் துள்ளும். கலவை கையில் ஒட்டத் தொடங்கியதும் நிறுத்திவிடுவது நல்லது.

ஸ்வீடன் பாணியில் மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் கலந்த கொத்துக்கறி, ஊறிய ரொட்டித்தூள், முட்டை, வெங்காயம், வெள்ளை மிளகு, ஆல்ஸ்பைஸ் என்னும் மிளகு போன்ற நறுமணக் காய் ஆகியவை சேர்கின்றன. எளிதாகத் தோன்றினாலும் தேர்வில் மதிப்பெண் குறைவது பெரும்பாலும் இங்கேதான், ஏனென்றால் உருண்டைகள் சிறியவை; ஒன்று 15 கிராமும் பக்கத்தில் இருப்பது 25 கிராமும் ஆனால் ஒன்று வறண்டுபோகும், மற்றது நடுவில் வேகாது. கண்ணளவை நம்பாமல் முதல் சிலவற்றைத் தராசில் வைத்து, கையை ஈரமாக்கிக்கொண்டு உருட்டுங்கள். வெண்ணெய் நுரைத்து அடங்கியதும் வாணலியை அடைக்காமல் சிறு சிறு தொகுதியாக இட்டு, வாணலியை ஆட்டி ஆட்டி எல்லாப் பக்கமும் சிவக்க விட வேண்டும். அடியில் ஒட்டியதைச் சுரண்டி இறைச்சிச் சாறும் (எலும்பையும் இறைச்சியையும் கொதிக்கவைத்து வடித்த நீர்) கிரீமும் ஊற்றினால் சாஸ் தயார். உடன் உருளைக்கிழங்கு, லிங்கன்பெர்ரி என்னும் புளிப்பான சிறு சிவப்புப் பழம், வினிகரில் ஊறிய வெள்ளரிக்காய். பொல்தாவா போரில் 1709-இல் தோற்று, 1714 வரை உஸ்மானியப் பேரரசில் தங்கியிருந்த மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ் கொண்டுவந்த துருக்கிக் குறிப்பே இதற்கு மூலம் என்று ஸ்வீடனின் அதிகாரபூர்வ ட்விட்டர் கணக்கு 2018-இல் எழுதியது பெரும் பேச்சானது. விடைத்தாளில் இதைச் சேர்த்தால் ‘என்று சொல்லப்படுகிறது’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் இடும் ஜெர்மன் தேர்வாளர்கள் உன்னிப்பாகப் பார்ப்பது கோனிக்ஸ்பெர்க் உருண்டையைத்தான். கோனிக்ஸ்பெர்க் என்பது கிழக்குப் பிரஷ்யாவின் தலைநகராக இருந்து, 1946 முதல் கலினின்கிராத் என்ற பெயரில் ரஷ்யாவில் உள்ள நகரம். அந்தப் பழைய ஜெர்மன் பெயர் உறுத்தியதால் கிழக்கு ஜெர்மனியில் இந்த உணவையே ‘வேகவைத்த உருண்டை’ என்று மாற்றி அழைத்தார்கள். இதற்கு இளங்கன்று இறைச்சியும், பொடியாக நறுக்கிய உப்பு நெத்திலியும் தேவை. நெத்திலியே உப்பைக் கொண்டுவருவதால் தனி உப்பைக் குறைத்துப் போடுங்கள். இதை வறுப்பதில்லை, வெங்காயம், பிரியாணி இலை, மிளகு சேர்ந்த இறைச்சிச் சாற்றில் மெல்ல வேகவைக்கிறார்கள். சாறு கொதித்துக் குமிழியிட்டால் உருண்டை சிதறும், சாறும் கலங்கும். மேற்பரப்பு லேசாக நடுங்குகிற 80 முதல் 85 டிகிரி வெப்பத்தில் வைத்தால் போதும்.

அடுத்து சாஸ். வெண்ணெயில் மைதாவை நிறம் மாறாமல் வதக்கி, உருண்டை வெந்த அதே சாற்றை வடிகட்டிச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டியில்லாமல் கலக்கி, மைதா வாசனை போகும்வரை கொதிக்கவிட வேண்டும். பிறகு கேப்பர்ஸ் (ஊறுகாயாகப் போட்ட சிறு பூமொட்டுகள்), எலுமிச்சைச் சாறு. முட்டை மஞ்சள் கருவைக் கிரீமில் அடித்து, அதில் ஒரு கரண்டி சூடான சாஸைக் கலந்து பழக்கிய பின், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தில் ஊற்றிக் கிளறுங்கள். அதற்குப் பிறகு ஒரு கொதி வந்தாலும் மஞ்சள் கரு திரிந்துவிடும்; அதைத் தேர்வாளர்கள் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். என் ரசனைக்கு மூன்றிலும் இதுவே உயர்ந்தது. புளிப்பும் உப்பும் நெய்ப்பும் இவ்வளவு அளவாகச் சேரும் உணவு வட ஐரோப்பாவில் அரிது.

ஸ்பெயின் பாணி இவ்வளவு பாடு படுத்தாது. பூண்டும் பார்ஸ்லியும் சேர்த்து உருட்டி, மைதாவில் புரட்டி ஆலிவ் எண்ணெயில் மேலோட்டமாகச் சிவக்க வறுத்து, மீதி வேக்காட்டைச் சாஸில் முடிக்க வேண்டும். வறுத்த பாதாம், ரொட்டி, பூண்டு, குங்குமப்பூ ஆகியவற்றை உரலில் இடித்துச் சாஸைக் கெட்டியாக்கும் வகையைத் தேர்ந்தெடுத்தால், எல்லாரும் செய்யும் தக்காளிச் சாஸிலிருந்து உங்கள் தட்டு தனித்துத் தெரியும்.

எழுத்துத் தேர்வுக்காக மற்ற நாடுகளையும் இதே இரண்டு கேள்விகளோடு ஒரு முறை புரட்டிவிடுங்கள். டென்மார்க்கில் கலவை தளர்வாக இருப்பதால் கரண்டியால் வடிவமைத்துத் தட்டையாக வெண்ணெயில் வறுக்கிறார்கள். ஸ்மிர்னா (இன்று துருக்கியின் இஸ்மிர்) நகரத்திலிருந்து 1922-க்குப் பின் அகதிகளாக வந்தவர்கள் கிரேக்கத்தில் பரப்பிய நீள்வடிவ உருண்டையில் சீரகம் மணக்கும். இத்தாலிய உருண்டையில் பாலாடைக்கட்டி சேரும். அதை ஸ்பகெட்டியின் மேல் குவித்துப் பரிமாறுவது அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியர்களிடம் வளர்ந்த பழக்கம் என்பது அடிக்கடி வரும் கேள்வி.

தேர்வு நாளில் வேலையின் வரிசைதான் உங்களைக் காப்பாற்றும். முதலில் சாற்றை அடுப்பேற்றி, ரொட்டியை ஊறவைத்து, மூன்று கலவைகளையும் செய்து குளிர்பெட்டியில் வையுங்கள். ஸ்பானிய உருண்டை சாஸில் காத்திருந்தால் சுவை கூடுமே தவிரக் கெடாது, எனவே அதை முதலில் முடித்துவிடலாம், கோனிக்ஸ்பெர்க் அடுத்தது, ஸ்வீடன் உருண்டை ஆறினால் வீணாகும், ஆகவே அது கடைசி. உருட்டும் முன் ஒவ்வொரு கலவையிலும் நெல்லிக்காய் அளவு எடுத்து வறுத்து உப்புப் பாருங்கள். பன்றியோ மாடோ உண்ணாதவராக இருந்தால், சுவைத்துச் சொல்ல ஒருவரை அனுமதிக்கும்படி ஆசிரியரிடம் முன்னதாகவே கேட்டுவிடுவது நல்லது. நடுப்பகுதியின் வெப்பம் குறைந்தது 70 டிகிரியை எட்டி இரண்டு நிமிடம் நீடிக்க வேண்டும் என்பது ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனத்தின் பரிந்துரை. வெப்பமானியைச் செருகி அளப்பதைத் தேர்வாளர் பார்க்கும்படியே செய்யுங்கள்.

வாய்மொழிக் கேள்விகளில் சட்டமும் வரும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி மாட்டுக் கொத்துக்கறியில் கொழுப்பு 20 விழுக்காட்டையும், பன்றி கலந்ததில் 30 விழுக்காட்டையும் தாண்டக்கூடாது. கட்டாயம் அறிவிக்க வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருட்களில் உங்கள் மூன்று தட்டுகளில் எவை உள்ளன என்றும் கேட்பார்கள்: கோதுமை, பால், முட்டை ஆகியவற்றை யாரும் சொல்லிவிடுவார்கள், நெத்திலி வழியாக மீனும், சாஸின் பாதாமும், இறைச்சிச் சாற்றில் செலரி போட்டிருந்தால் அதுவும் பலருக்கு நினைவுக்கு வருவதில்லை.