எட்டாவது படி

நாங்கள் ஏழு பேர் பணம் போட்டு, பன்னிரண்டு சக்கர நாற்காலிகள் வாங்கிக் கொடுத்தோம். எல்லாம் ஒரே அளவு, ஒரே மாடல். கொடுத்த அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் மனசு நிறைந்திருந்தது.

எட்டு மாதம் கழித்து, அதில் ஒரு வீட்டுக்கு வேறு வேலையாகப் போனேன். நாற்காலி மூலையில் நின்றது. அதன்மேல் மடிக்காத துணிகள். யாருக்காகக் கொடுத்தோமோ அந்தப் பெரியவர் கட்டிலில் படுத்திருந்தார்.

"உட்காருவதில்லையா ஐயா?" என்று கேட்டேன்.

"நல்ல வண்டிதான் தம்பி. எனக்குத்தான் சரிப்பட்டு வரலை."

திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் சொன்னார். அகலம் அதிகமாம், உட்கார்ந்தால் ஒரு பக்கமாகச் சரிந்துவிடுகிறாராம். வந்த இரண்டாம் மாதமே முன்சக்கரம் ஒன்று திரும்ப மறுத்துவிட்டதாம். "ஏன் சொல்லவில்லை?" என்றதற்கு, "இவ்வளவு செஞ்சவங்ககிட்ட போய் குறை சொல்றதா?" என்றார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று நாமே சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறோம். ஆனால் அந்த மாட்டை வைத்துத்தானே அவர் உழ வேண்டும்?

நான் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவன். பேரிங் சத்தத்தைக் கேட்டே அதன் ஆயுளைச் சொல்லிவிடுவேன். அன்றைக்கு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். முன்சக்கரத்தின் அச்சில் தலைமுடியும் நூலும் சுற்றிச் சுற்றிக் கயிறு போல இறுகிக் கிடந்தன. பிளேடால் குறுக்கே கீறி, வளைந்த கம்பியால் இழுத்தேன். ஒரு கைப்பிடி அளவு வந்தது. அந்த முடிக்கற்றை ஈரத்தைப் பிடித்து வைத்திருந்ததால் உள்ளே பேரிங் துருவேறிப் போயிருந்தது. மறுநாள் புது பேரிங் போட்டு விரலால் தட்டினேன், சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது. மொத்தம் இருபது நிமிட வேலை. அதற்காக ஒரு மனிதர் ஆறு மாதம் படுத்துக் கிடந்திருக்கிறார்.

மற்ற வீடுகளுக்கும் போய்ப் பார்த்தேன். பன்னிரண்டில் ஐந்துதான் ஓடிக்கொண்டிருந்தன.

அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். உலக சுகாதார நிறுவனம் 2008ல் சக்கர நாற்காலி வழங்குவது பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. அதில் எட்டுப் படிகள் சொல்கிறார்கள். ஆளைப் பார்ப்பது, அளவெடுப்பது, பொருத்துவது, ஓட்டக் கற்றுக்கொடுப்பது என்று போய், எட்டாவதாகத் தொடர் கவனிப்பும் பழுதுபார்ப்பும். நாங்கள் அதில் ஒன்றைத்தான், வாங்கிக் கொடுப்பதை மட்டும்தான், செய்திருந்தோம். அளவு என்பது வசதிக்காக மட்டும் இல்லை. முதுகுத்தண்டில் அடிபட்டு உணர்ச்சி போனவருக்கு, தப்பான இருக்கை அழுத்துவது தெரியவே தெரியாது. தெரியவரும்போது புண் ஆழமாகப் போயிருக்கும். அதனாலேயே உயிர் போனவர்கள் உண்டு. முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும் என்ற சின்ன விஷயத்துக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

எட்டாவது படியைப் படித்தபோது, இது என் வேலையாயிற்றே என்று தோன்றியது.

முதலில் அறக்கட்டளை ஆரம்பித்து நன்கொடை திரட்டலாம் என்று நினைத்தேன். ஒரு வருடம் முயன்றேன். எனக்கு அது வரவில்லை. ஒருவர் முன்னால் உட்கார்ந்து பணம் கேட்க நாக்கு எழவில்லை. கேட்கத் தெரிந்த நண்பர்கள் இருக்கிறார்கள், அவர்கள்மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. அது ஒரு திறமை. என் திறமை வேறு இடத்தில் இருந்தது.

மருத்துவமனைகளில் சக்கரம் வைத்த சாமான்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஸ்ட்ரெச்சர், கட்டில், மருந்து வண்டி, சக்கர நாற்காலி. எல்லாவற்றிலும் அதே முடி, அதே துரு. வருட ஒப்பந்தம் போட்டு அவற்றைப் பராமரிக்கும் ஒரு சின்ன நிறுவனம் தொடங்கினேன். அந்த வருமானத்தில்தான் வீடுகளில் இருக்கும் சக்கர நாற்காலிகளைப் பழுதுபார்க்கும் வேலை நடக்கிறது.

இந்த வழி நான் கண்டுபிடித்தது இல்லை. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் கட்ட முடிந்தவர்கள் கட்டுவதைக் கொண்டு, முடியாதவர்களுக்கும் அறுவை சிகிச்சை. அறுவை சிகிச்சையில் கண்ணுக்குள் வைக்கும் இறக்குமதி லென்ஸின் விலை எல்லோருக்கும் கட்டுப்படியாகாது என்றபோது, 1992ல் ஆரோலேப் என்று தனியாக ஆரம்பித்து லென்ஸையும் தாங்களே செய்தார்கள். சேவை பெருகப் பெருகக் கையிருப்பு கரைந்துவிடும் என்ற என் பயத்தைப் போக்கியது இந்தக் கதைதான்.

ஒரு விஷயத்தில் தடுமாறினேன். சும்மா கொடுத்தால் மதிப்பு இருக்காது, எல்லோரிடமும் கொஞ்சமாவது வாங்கு என்று பலரும் சொன்னார்கள். நானும் நம்பி வாங்கினேன். இரண்டு மூன்று வீடுகளிலிருந்து அழைப்பே நின்றுபோனது. பிறகு, கென்யாவில் கொசுவலைகளை வைத்து ஜெசிகா கோஹனும் பாஸ்கலின் டுபாஸும் செய்து 2010ல் வெளியான ஆய்வைப் படித்தேன். சிறு விலை வைத்தாலே வாங்குவோர் மிகவும் குறைந்துவிட்டார்கள். இலவசமாகப் பெற்றவர்களோ, காசு கொடுத்து வாங்கியவர்களுக்குக் குறையாமல் பயன்படுத்தினார்கள். அன்றோடு, பணம் கொடுக்க முடியாதவர்களிடம் வாங்குவதை நிறுத்தினேன். அவர்கள் அழைக்கட்டும் என்று காத்திருப்பதும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாங்களே கூப்பிடுகிறோம்.

அளவெடுக்கும் வேலையை இப்போது பார்ப்பவர் பத்து வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு பெண். நான் டேப்பை எடுப்பேன். அவர் முதலில் கேட்பது, "கழிப்பறைக் கதவு எவ்வளவு அகலம்?" இந்தக் கேள்வி இத்தனை நாள் எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தப் பெரியவருக்கு அளவான நாற்காலி மாற்றிக் கொடுத்து ஒரு வருடம் ஆகிறது. நேற்றிரவு அவரே அழைத்தார்.

"தம்பி, இடது பக்க பிரேக் சரியாவே பிடிக்க மாட்டேங்குது. என்ன வேலை பார்த்தீங்க போன தடவை? தினமும் வெளியே போற ஆளு நான், சீக்கிரம் வாங்க."

நாளைக் காலை முதல் வேலை அதுதான்.