அறுபது கிலோவில் நின்றுபோன ஸ்குவாட்

வேலூரில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். வயது 42. திங்கள், புதன், வெள்ளி காலை 5.30 மணிக்கு சத்துவாச்சாரியில் ஒரு சின்ன ஜிம்மில் இருப்பேன். 2014-லும் 2018-லும் காமன்வெல்த் பளுதூக்கலில் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கத்தின் ஊர் இது. தெருவில் கனமான பையோடு பார்பெல் பற்றிப் பேசிக்கொண்டு போனால் இங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒன்றரை வருடமாக ஐந்தே பயிற்சிகள்தான். ஸ்குவாட் (பாரைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து பாரை மேலே தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பாரைத் தூக்கி நிமிர்வது), தலைக்கு மேலே தூக்கும் பிரஸ், பார்பெல் ரோ (குனிந்து நின்று பாரை வயிற்றை நோக்கி இழுப்பது). எடை மாட்டாத வெறும் 20 கிலோ பாரில் (இரும்புக் கம்பியில்) தொடங்கி, முடிந்தபோதெல்லாம் 2.5 கிலோ ஏற்றி வந்தேன். போன தை மாதம் ஸ்குவாட் 60 கிலோவில் நின்றது. மூன்று வாரம் தொடர்ந்து முயன்றும் நான்காவது ரெப்பில், அதாவது நான்காவது முறை, அடியிலிருந்து எழ முடியவில்லை. அதோடு சலிப்பும் சேர்ந்துகொண்டது. வெள்ளிக்கிழமை அலாரம் அடித்தால் எழவே மனம் வரவில்லை.

எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா என்று ஜிம் மாஸ்டரிடம் கேட்டேன். அந்த வழியில் ஏற்கெனவே போய்ப் பார்த்தவள் நான். முன்பு சேர்ந்திருந்த ஒரு ஜிம்மில் தினமும் புதுப் பயிற்சி கொடுப்பார்கள். உடம்பைக் குழப்பினால்தான் வளரும் என்பார்கள். எட்டு மாதம் வியர்வை கொட்டியது. ஆனால் எந்தப் பயிற்சியில் எவ்வளவு தூக்கினேன், கூடியதா குறைந்ததா என்று கேட்டால் என்னிடம் ஒரு எண் கூட இல்லை.

மாஸ்டர் சொன்னது வேறு. "ஐந்தையும் விடாதீங்க டீச்சர். எந்த இடத்துல தோக்குறீங்களோ அந்த இடத்துக்கு மட்டும் ஒரு தம்பியைக் கூட்டிக்குவோம்." தம்பி என்று அவர் சொன்னது ஒரு துணைப் பயிற்சியை. எனக்கு உடனே புரிந்தது. வகுப்பில் நானும் இதைத்தானே செய்கிறேன். பித்தாகரஸ் தேற்றத்தை மாற்றுவதில்லை. பையன் எந்தப் படியில் தடுமாறுகிறானோ அந்தப் படி வரும்படியான கணக்காகப் பார்த்துக் கொடுக்கிறேன்.

நான் தோற்றது ஸ்குவாட்டின் அடியில். அதனால் புதன்கிழமை ஸ்குவாட் மட்டும் மாறியது: கீழே போய் மூன்று எண்ணும் வரை அப்படியே இருந்து, பிறகு எழ வேண்டும். வேகமாக இறங்கி ஏறும்போது இழுபட்ட தசை ரப்பர் மாதிரி நம்மை மேலே தள்ளிவிடும். நிறுத்தினால் அந்த உதவி கிடையாது. முதல் நாள் 40 கிலோவே கனத்தது. இரண்டாவது எண்ணிக்கையில் முதுகு முன்னால் சாய்வதைக் கண்ணாடியில் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, குறை காலில் இல்லை. வயிற்றை இறுக்கிப் பிடிக்காமல் இறங்கிக்கொண்டிருந்தேன். அதைத் திருத்தவே இரண்டு வாரம் போனது. ஆறாவது வாரம் நிறுத்தும் ஸ்குவாட் 50-க்கு வந்தது. அதற்கடுத்த திங்கள் சாதாரண ஸ்குவாட்டில் 62.5 கிலோவை ஐந்து முறை எடுத்தேன். பாரை ஸ்டாண்டில் வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவு சந்தோஷம்.

டெட்லிஃப்டுக்குத் துணையாக ருமேனியன் டெட்லிஃப்ட். 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ருமேனியாவின் நிக்கு விளாட் செய்து காட்டியதைப் பார்த்துத்தான் அமெரிக்கர்கள் இந்தப் பெயர் வைத்தார்கள் என்பார்கள். தரையிலிருந்து தொடங்காமல் நின்ற நிலையில் தொடங்கி, முழங்காலை லேசாக மடித்து, இடுப்பைப் பின்னால் தள்ளிக்கொண்டே பாரைத் தொடையை உரசி இறக்க வேண்டும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வந்ததும் பின்தொடை இழுக்கும். அதுதான் எல்லை. 45 கிலோவில் எட்டு ரெப், அப்படி மூன்று செட் (சுற்று). மறுநாள் பள்ளியில் மாடிப்படி இறங்கும்போது அதன் அருமை தெரியும்.

பிரஸ்ஸில் சிக்கல் வேறு மாதிரி. 80 கிலோ டெட்லிஃப்டில் 2.5 கிலோ கூடினால் பெரிதாகத் தெரியாது. 25 கிலோ பிரஸ்ஸில் அது பத்தில் ஒரு பங்கு. எங்கள் ஜிம்மில் 1.25 கிலோவை விடச் சின்ன பிளேட் கிடையாது, இரண்டு பக்கமும் மாட்டினால் 2.5 ஆகிவிடும். அதனால் புஷ் பிரஸ் சேர்த்தோம். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி உந்தித் தூக்குவது. 30 கிலோ தலைக்கு மேல் நின்றதும் தோள் அந்தக் கனத்துக்குப் பழகியது. 27.5 பிறகு பயமாக இல்லை.

பெஞ்சில் கையை நெருக்கிப் பிடித்துச் செய்து பார்த்தேன். ஆறு வாரத்தில் ஒரு மாற்றமும் இல்லை. விட்டுவிட்டேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கடைசியில் சேர்ந்த ஒன்று. ஒரே கையில் டம்பெல்லைத் தொங்கவிட்டு, உடம்பு சாயாமல் நடப்பது. 17.5 கிலோவோடு வராண்டாவில் நான்கு நடை. கனம் வலக்கையில் இருந்தால் இடப்பக்க விலா இறுகும். சின்ன வயதில் குழாயடியிலிருந்து எப்போதும் இடது இடுப்பில்தான் குடம் சுமப்பேன். இடக்கையில் டம்பெல் இருக்கும்போது இன்றும் நேராக நடக்கிறேன். வலக்கைக்கு மாற்றினால் தள்ளாடுகிறேன். பழக்கம் அத்தனை வருடம் உடம்பில் தங்குமா என்று வியப்பாக இருக்கிறது. இப்போது வலக்கையில் ஒரு நடை கூடுதலாகப் போடுகிறேன்.

ஒரு துணைப் பயிற்சியை ஆறு வாரமாவது விடாமல் செய்கிறேன், எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிறேன். அடுத்த புதனிலிருந்து ஃப்ரண்ட் ஸ்குவாட். பாரை முன்தோளில் தாங்கும்போது மணிக்கட்டு வளைய மறுக்கிறது. பாரில் இரண்டு ஸ்ட்ராப் கட்டித் தருகிறேன், அதைப் பிடித்துக்கொண்டு 30-இல் தொடங்கலாம் என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார்.