பைட் பால் பைத்தான் வாங்குன அனுபவம்: பேப்பர் முதல்ல, பாம்பு அப்புறம்

பெரம்பூர்ல, அதுவும் அம்மா கூட ஒரே வீட்ல இருந்துக்கிட்டு எப்டிடா பாம்பு வளக்குறன்னு கேக்காத ஆள் இல்ல. வளக்கலாம். ஆனா வாங்குறதுக்கு முன்னாடி பண்ற வேலைதான் பெருசு, அத ஒழுங்கா பண்ணிட்டா மீதி தானா நடக்கும், அதனால பைட் பால் பைத்தான் (பால் பைத்தான்னா விஷமில்லாத ஒரு சின்ன மலைப்பாம்பு வகை, பைட்னா அதுல வெள்ளைத் திட்டு உள்ள நிற வகை) வாங்க நான் போன வழிய அப்படியே எழுதுறேன்.

மொதல்ல சட்டம். நம்ம ஊரு மலைப்பாம்பு, மண்ணுளி, சாரை இதெல்லாம் 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல வருது, வீட்ல வைக்கவே கூடாது, அதுல பேச்சே கிடையாது. எவனாவது "மண்ணுளி இருக்கு, அதிர்ஷ்டம்"னு வந்தான்னா அந்தப் பக்கமே போகாதீங்க. பால் பைத்தான் மேற்கு ஆப்பிரிக்கா, மத்திய ஆப்பிரிக்கா பக்கத்துப் பாம்பு, சைட்டிஸ்னு, காட்டு உயிரினங்கள நாடு விட்டு நாடு வாங்கி விக்கிறத கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தம் இருக்கு, அதுல ரெண்டாவது பட்டியல்ல இருக்கு. 2022ல சட்டத்த திருத்துனப்போ இந்த சைட்டிஸ் உயிரினங்களையெல்லாம் நாலாவது அட்டவணைல சேத்துட்டாங்க, 2024 பிப்ரவரில பதிவு பண்றதுக்கு தனியா விதியும் வந்துச்சு. அதாவது வச்சிருக்குறவங்க மத்திய அரசோட பரிவேஷ்ங்கிற ஆன்லைன் போர்ட்டல்ல பதிவு பண்ணியே ஆகணும், புதுசா நம்ம கைக்கு வந்தா 30 நாளைக்குள்ள அப்ளை பண்ணணும். நிறைய பேர் வளக்குற இன்னொரு வெளிநாட்டுப் பாம்பு கார்ன் ஸ்நேக், அது சைட்டிஸ்ல இல்ல, அதனால இந்தப் பதிவு அதுக்கு வராது, ஆனா எனக்கு ஆசை பைட் மேலதான். உடம்பு நடுவுல சுத்தமா வெள்ளை, அங்கங்க மட்டும் பழுப்பும் கறுப்பும் ஊத்துன மாதிரி இருக்கும், ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்கவே இருக்காது.

சிட்டில நடந்த ஒரு பெட் எக்ஸ்போல ரெப்டைல் ஸ்டால் போட்ருந்தாங்க. கொளத்தூர் மீன் கடைங்கள்ல சின்ன வயசுலேர்ந்து சுத்துனவன் நான், தொட்டியப் பாத்தாலே கடைக்காரர் எப்டிப்பட்டவர்னு ஓரளவு புரிஞ்சிடும், பாம்பு டப்பாவும் அப்படித்தான். ஒருத்தர் கிட்ட பாதி உடம்புக்கு மேல வெள்ளையா ஒரு பைட், பாத்தா கண்ண எடுக்க முடியாது, விலையும் கம்மி. "பேப்பர் இருக்கா ண்ணா?"ன்னு கேட்டேன். "அதெல்லாம் யாரும் கேக்கமாட்டாங்க தம்பி, எடுத்துனு போ"ன்னாரு. அவ்ளோதான், நகந்துட்டேன். பாங்காக்லேர்ந்து பெட்டில துணிப்பைக்குள்ள பாம்ப கட்டி எடுத்துட்டு வந்து சென்னை ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ்ல மாட்டுன நியூஸ் எவ்ளோ பாத்திருக்கோம், அதுல பால் பைத்தானும் நிறைய. பேப்பர் இல்லாத பாம்பு அப்படி வந்ததா இல்லையான்னு நமக்கு எப்டி தெரியும்? அந்தப் பைக்குள்ள அது பட்ட பாட்டுக்கு நான் காசு குடுக்க முடியாது.

இன்னொரு ஸ்டால்ல ஒரு அண்ணன், சொந்தமா குட்டி எடுக்குறவர். தாய், தகப்பன் ரெண்டுக்கும் பதிவு இருந்துச்சு, குட்டி பொறந்தத போர்ட்டல்ல ஏத்துனதும் போன்லயே காட்டுனாரு. அவர் கிட்ட இருந்த பைட் பொட்டைல வெள்ளை கம்மி, கழுத்துக்குக் கீழ ஒரு பட்டை, வால் பக்கம் ஒண்ணு. ஆனா கூடவே ஒரு அட்டை வச்சிருந்தாரு, முட்டை பொரிஞ்ச தேதி, ஒவ்வொரு தடவ சாப்ட்டது, சாப்புடாம விட்டது, எடை, தோல் உரிச்சதுன்னு எல்லாமே பேனால எழுதி. சாப்புடாம விட்டதையும் எழுதி வச்சிருந்தாரு பாருங்க, அங்கதான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு.

அப்புறம் பாம்ப கைல வாங்கி பொறுமையா பாத்தேன். கண்ணு தெளிவா இருக்கா, மேல பழைய தோல் ஒட்டியிருக்கா, வாய் ஓரத்துல எச்சி நுரை இருக்கா, மூச்சு விடும்போது சத்தம் வருதா (வந்தா நுரையீரல் பிரச்சனை), கழிவு வர்ற எடம் சுத்தமா இருக்கா, தாடைக்குக் கீழயும் செதில் இடுக்குலயும் கறுப்பா சின்ன புள்ளி ஊருதா. அந்தப் புள்ளிதான் மைட்ஸ்ங்கிற ஒட்டுண்ணி. தண்ணி கிண்ணத்துல செத்து மெதக்கும், அங்கயும் எட்டிப் பாத்துடணும். ஆரோக்கியமான பாம்பு கைல வச்சா லூசா தொங்காது, மெதுவா விரல சுத்திப் புடிக்கும், நாக்கு வெளிய வந்து வந்து போகும். இது மொதல்ல பந்தா சுருண்டுடுச்சு, கொஞ்ச நேரம் அசையாம இருந்தேன், தலைய வெளிய நீட்டி என் கட்டைவிரல் பக்கமா வந்துச்சு.

மார்ஃப் (பைட் மாதிரி ஜீனால வர்ற நிற, டிசைன் வகை) வாங்குறவங்களுக்கு ரெண்டு விஷயம் சொல்லியே ஆகணும். ஒண்ணு, "ஹெட் பைட்"னு விப்பாங்க, அதாவது ஜீன் ஒண்ணு உள்ள இருக்கு, ஆனா பாக்க சாதா பாம்பு தான். பைட் ஜீன் ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வந்தாத்தான் வெள்ளை வெளிய தெரியும். அதனால ஹெட்னு சொன்னா தாய் தகப்பன் யாருன்னு கேக்காம கூடுதல் காசு குடுக்காதீங்க. இன்னொண்ணு ஸ்பைடர் மார்ஃப். கோலம் மாதிரி மெல்லிசா கோடு போட்டு அவ்ளோ அழகா இருக்கும், ஆனா அந்த ஜீனோடவே நரம்புக் கோளாறும் வருது, தலை ஆடும், சிலது எரைய குறி பாத்து புடிக்கக்கூட திணறும். பம்பிள்பீன்னு விக்கிற மார்ஃப்ல கூட அதே ஸ்பைடர் ஜீன் தான். அழகுக்காக அந்த ஜீன திரும்பத் திரும்ப பொறக்க வைக்கிறது எனக்கு மனசு ஒப்பல, வாங்குறவங்க நிறுத்துனாத்தான் விக்கிறவங்களும் நிறுத்துவாங்க.

அன்னிக்கு அட்வான்ஸ் மட்டும் குடுத்தேன். பாம்பு கைமாறுனா அதையும் போர்ட்டல்ல சொல்லணும், அந்த வேலைய அண்ணன் அவர் பக்கம் முடிச்சு காப்பி அனுப்புனப்புறம்தான் மீதி பணம் குடுத்து எடுத்துட்டு வந்தேன். நம்ம பக்கம் அப்ளிகேஷன்ல பாம்போட விவரம், போட்டோ, எங்க வைக்கப் போறோம், யார்கிட்டேர்ந்து வாங்குனோம் எல்லாம் கேக்கும், அது தலைமை வன உயிரினக் காப்பாளருக்குப் போகும். எல்லாத்தையும் முன்னாடியே ஸ்கேன் பண்ணி ஒரே ஃபோல்டர்ல வச்சிருங்க, ஒரே உக்காருல முடிச்சிடலாம்.

வீட்ல அம்மா கிட்ட பேசுறதுக்குத்தான் நேரம் ஆச்சு. "அந்தப் பூச்சி வெளிய வந்தா நான் உங்க சித்தி வீட்டுக்குப் போயிடுவேன்"னு சொல்லிட்டாங்க. பூட்டுப் போட்ட டப்பா, சாவி என் கழுத்துல, அதுக்கு விஷமே கெடையாது, இப்படி ஒவ்வொண்ணா சொல்லி சம்மதம் வாங்கித்தான் எக்ஸ்போவுக்கே போனேன். வீட்ல இருக்குறவங்களுக்கு தெரியாம வாங்காதீங்க ப்ளீஸ், இது 20, 30 வருஷம் வாழுற ஜீவன்.

டப்பாவ செல்ஃப்ல மேல் தட்டுலதான் வச்சிருக்கேன், 2023 மிக்ஜாம் புயல் வெள்ளத்துல எங்க ஏரியா பட்டது தெரியும்ல. கீழ கோகோ பீட் (தேங்கா நார்த் தூள்), சூடான பக்கம் ஒரு மறைவிடம், குளுகுளு பக்கம் ஒரு மறைவிடம், கனமான தண்ணி கிண்ணம். சூடான பக்கம் 31, 32 டிகிரி, இன்னொரு பக்கம் 26 கிட்ட. டப்பாவ சூடாக்குற ஹீட் மேட் போட்டா, சூட்ட கட்டுப்படுத்துற தெர்மோஸ்டாட் கண்டிப்பா வேணும், இல்லாட்டி வயிறு வெந்துடும். நம்ம ஊர்ல மார்கழி ராத்திரிய விட்டா சூடு பண்றது கஷ்டமே இல்ல, அக்னி நட்சத்திரத்துல குறைக்கிறதுதான் கஷ்டம், கரண்ட் போனா எந்த ரூம் குளுமையா இருக்கும்னு இப்பவே பாத்து வச்சிட்டேன்.

வந்த உடனே தொந்தரவு பண்ணாதீங்க, ஒரு வாரம் தண்ணி மாத்துறதோட சரி. மொதல்ல வச்ச எலிய தொடவே இல்ல. இந்த இனம் எடம் மாறுனா அப்படித்தான், அண்ணனும் சொல்லியிருந்தாரு. கொஞ்ச நாள் விட்டு, உடம்போட தடிப்பான எடத்து அளவுக்கு ஒரு எலி, ஃப்ரீசர்லேர்ந்து எடுத்து ஐஸ் விட்டப்புறம் சுடுதண்ணில சூடாக்கி இடுக்கில புடிச்சு நீட்டுனேன், மறைவிடத்துக்குள்ளேர்ந்து அடிச்சு சுத்தி புடிச்சிடுச்சு. சாப்ட்டப்புறம் ரெண்டு நாள் கையில எடுக்கக் கூடாது, எடுத்தா கக்கிடும். அண்ணன் குடுத்த அட்டைலயே அடுத்த வரில என் கையெழுத்துல தேதியும் எடையும் எழுதிட்டு வரேன்.