சிட்டுக்கு ஜோடி தேடிய கதை

எங்கள் பெண் நாய் சிட்டு டாஷண்ட் இனம். டாப்பிள் என்று சொல்கிற புள்ளி நிறம். அது வளர வளர மன்னார்குடியில் தெரிந்தவர்கள் எல்லாம் "எப்ப கிராஸ் பண்ணப் போறீங்க? எனக்கு ஒரு குட்டி எடுத்து வைங்க" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

2017ல் வந்த மத்திய அரசின் நாய் வளர்ப்பு விதிகளின்படி 18 மாதம் ஆகாத பெண் நாயைச் சேர்க்கைக்கு விடக் கூடாது. குட்டிகளை விற்பதென்றால் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவும் வேண்டும். பதிவுக்கு மனுப் போட்டுவிட்டேன். ஆனால் 18 மாதம் முடிந்தும் சிட்டுவை விடவில்லை. காரணம் அதன் முதுகு.

நீள முதுகும் குட்டைக் காலும் உள்ள இந்த இனத்தில் முதுகெலும்புத் தட்டுகள் சின்ன வயதிலேயே சுண்ணாம்பு படிந்து இறுகும். பிற்பாடு தட்டு பிதுங்கினால் பின்னங்கால் விழுந்துவிடும். இது வம்சத்தில் இறங்குகிற கோளாறு. வடக்கு ஐரோப்பிய நாடுகளில் 2 வயதுக்கு மேல் எக்ஸ்ரே எடுத்து அப்படி இறுகிய தட்டுகளை எண்ணுகிறார்கள். 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் குட்டி எடுக்க வேண்டாம் என்பார்கள். இங்கே இதைக் கேட்பார் இல்லை. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போய், மயக்க ஊசி போட்டுப் படம் எடுத்தோம். டாக்டர் விளக்குப் பலகையில் படத்தை மாட்டி, எலும்புகளுக்கு நடுவே அரிசி அளவில் வெள்ளையாகத் தெரிந்த ஒன்றைக் காட்டினார். "இது ஒண்ணுதான். ஆண் நாய்க்கும் படம் பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்றார்.

அதில்தான் இழுபறி. படம் எடுக்கக் கேட்டாலே பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள். "எங்க நாய்க்கு கென்னல் கிளப் பேப்பர் இருக்கு சார், அப்புறம் என்ன?" அந்தப் பேப்பரில் வம்சம் இருக்கும், முதுகு இருக்காது. கும்பகோணத்தில் ஒருவர் தன் டாப்பிள் ஆணைப் பெருமையாகக் காட்டினார். நல்ல வாட்டசாட்டமான நாய்தான். "ரெண்டும் புள்ளியா இருந்தா குட்டிய அள்ளிக்கிட்டுப் போவாங்க தம்பி" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இரண்டு டாப்பிளைச் சேர்த்தால், சராசரியாக நாலில் ஒரு குட்டிக்கு அந்தப் புள்ளி நிற மரபணு தாய், தகப்பன் இரு பக்கமிருந்தும் வந்து சேரும். காது கேளாமலும் கண் தெரியாமலும் பிறப்பவை பெரும்பாலும் அவைதான். சொல்லிப் பார்த்தேன். மனிதர் சிரித்தார். எழுந்து வந்துவிட்டேன்.

கடைசியில் திருவாரூர்ப் பக்கம் ஒரு கறுப்பு-பழுப்பு ஆண் அமைந்தது. உடைமைக்காரர் ஓய்வு பெற்ற ஆசிரியர். எக்ஸ்ரேக்குச் சரி என்றார், புருசெல்லா ரத்தப் பரிசோதனைக்கும் சரி என்றார். கருக்கலைப்பை உண்டாக்குகிற அந்தக் கிருமி மனிதருக்கும் தொற்றும். கூலியாகப் பணம் வேண்டாம், ஒரு குட்டி போதும் என்று பேசிக்கொண்டோம்.

சேர்க்கை நாளை நாள் எண்ணி முடிவு செய்யாமல் ரத்தத்தில் புரோஜெஸ்டிரான் என்கிற ஹார்மோன் அளவு பார்த்து முடிவு செய்ததில் சுலபமாகச் சினை பிடித்தது. சினையில் கால்சியம் டானிக் வாங்கித் தரச் சொல்லாதவர் இல்லை. டாக்டர் கூடாது என்றுவிட்டார். முன்கூட்டியே கொடுத்தால், பால் கொடுக்கும் காலத்தில் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் பழக்கம் உடம்புக்கு விட்டுப்போய், சின்ன இன நாய்களுக்கு வலிப்பு வரும் என்றார். உடல் சூடு 99 டிகிரிக்குக் கீழே இறங்கிய மறுநாள் குட்டி போட்டது.

ஐப்பசி மழை. கரண்ட் போய்ப் போய் வந்தது. முதல் இரண்டு வாரம் குட்டிகளுக்குத் தானாக உடம்புச் சூடு காக்க வராது. துணி சுற்றிய வெந்நீர் பாட்டில்களை மாற்றி மாற்றி வைத்தோம். தினமும் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதினோம். ஒன்று மட்டும் எடை ஏறாமல் நின்றது. அதைப் பின்காம்பில் பிடித்து வைத்து ஊட்டினாள் என் மனைவி.

பதிவு மனுவுக்காக ஆய்வுக்கு வந்தவர் கூண்டைவிட அந்த எடை நோட்டைத்தான் அதிக நேரம் புரட்டினார்.

முப்பதாவது நாளிலேயே வாங்க வந்துவிட்டார்கள். "சின்னதுல எடுத்தாத்தாங்க பழகும்." 8 வாரம் முடியாமல், தடுப்பூசியும் தோலுக்கடியில் வைக்கிற அடையாளச் சிப்பும் போடாமல் தர முடியாது என்றதும் இரண்டு பேர் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார்கள். மாடிப்படி ஏற விடக் கூடாது, உடம்பு பெருக்க விடக் கூடாது, வளர்க்க முடியாமல் போனால் என்னிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கித்தான் கொடுத்தேன். செலவுக் கணக்கு இன்னும் நேராகவில்லை. "அடுத்த ஈத்து எப்ப?" என்று ஆசிரியர் போன் பண்ணினார். அடுத்த ஹீட்டில், அதாவது அடுத்த சேர்க்கைப் பருவத்தில், இல்லை என்று சொல்லிவிட்டேன்.